வரகுச் சோறும் இடுமருந்தும்

நான் கல்யாணமாகி வந்தபோது உலகச் சண்டை முடிந்தும் நெல்லரிசி கண்ணில் படாத காலம். வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் காட்டில் விளைந்த வரகுதான் சோறு. அந்த அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது. களத்தில் குவித்த கதிர் நனைந்துபோய், குவியலுக்குள் கை விட்டால் சுட்டது. காயவைத்துக் குத்தினோம். அரிசியில் லேசாகப் பூசண வாடை. கழுவினால் போய்விடும் என்றார் மாமியார்.

அந்த அரிசியை முதலில் ஆக்கிய அன்று சனிக்கிழமை. கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு நான் பொழுதுக்கும் பட்டினி. ஆக்கியது நான், சாப்பிட்டது கணவரும் மாமியாரும். கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் கைகால் உதறல், தலைசுற்றல், குமட்டல். சுவரைப் பிடித்தும் நிற்க முடியவில்லை. நான் மட்டும் திடமாக நின்றேன். அதுதான் வினையாகப் போயிற்று.

"எம்புள்ளைய கைக்குள்ள போட்டுக்க இடுமருந்து வச்சிருக்கா. தெரியாம நானும் தின்னுட்டேன்" என்றார் மாமியார், படுத்தபடியே.

மறுநாள் கணவர் தெளிந்து எழுந்தார். வயிற்றிலிருந்து இடுமருந்தை எடுக்கிறவள் ஒருத்தி வந்தாள். மாமியார் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, மயிர் சுற்றிய ஓர் உருண்டையைத் துப்பிக் காட்டினாள். வரும்போதே அதை வாயில் அடக்கிக்கொண்டு வந்திருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. வாயைத் திறந்து காட்டச் சொல்லத் துணிச்சல் இல்லை. கணவர் உருண்டையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"வண்டி கட்டச் சொல்றேன். ஒங்க வூட்டுக்குப் போயிடு" என்றார்.

மருந்து வைத்தவள் என்று பேர் வாங்கித் திரும்புகிறவள் கையால் பிறந்த வீட்டில்கூட யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அதே வரக நீங்களே ஆக்குங்க. நான் தொடல. எனக்குப் போடுங்க, திங்கிறேன்" என்றேன்.

ஆக்கினார், கூழாகக் குழைத்து. உப்பைப் போட்டு வயிறு முட்டத் தின்றேன். கொஞ்ச நேரத்தில் கூரை சுற்றியது. கை நடுங்கிச் சொம்பு விழுந்தது, பின்னாலேயே நானும் விழுந்தேன். கிடந்த கிடையில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வரகுதாம்மா" என்றார் கணவர். மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வண்டி கட்டவில்லை.

பூசணம் பிடித்த தானியத்தில் விஷம் ஊறும் என்று விவசாய ஆபீஸ்காரர் சொல்லிக் கேட்டது பல வருஷம் கழித்து. மாமியாரிடம் சொன்னேன், தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் இருந்தவரை, நான் ஒரு வாய் தின்று விழுங்கிய பிறகுதான் தன் வட்டிலில் கைவைப்பார். மருமகளைச் சாப்பிடவைத்துவிட்டுச் சாப்பிடுகிற மாமியார் என்று ஊரே என்னைக் கொடுத்துவைத்தவள் என்றது.