கை கழுவிய நேரம்

எங்கள் பள்ளிவாசலின் மேல்மாடியில் முதலுதவி வகுப்பு மூன்று சனிக்கிழமைகள் நடந்தது. வந்தவர்களில் குறிப்பெடுத்தவன் நான் ஒருவன்தான். எதையும் நாளும் நேரமும் இட்டு எழுதிவைப்பது என் பழக்கம். மழை தொடங்கிய நேரம், மின்சாரம் போன நேரம், வாசித்து முடித்த புத்தகங்கள் எல்லாம் கொப்பிகளில் இருக்கின்றன. நெஞ்சழுத்தம், மீட்பு நிலை, முதுகுத் தட்டல், வயிற்று உந்தல் என்று வகுப்பெடுத்த தாதி உத்தியோகத்தர் சொல்லச் சொல்ல எழுதினேன். பிறகு வீட்டில் இருந்து, கிறுக்கலாகக் கிடந்ததைப் புதுக் கொப்பியில் ஒழுங்குபடுத்தினேன். காயங்கள் என்ற பகுதியில் இருந்த ‘கையைச் சவர்க்காரம் இட்டுக் கழுவுக’ என்ற வரி எல்லாவற்றுக்கும் பொதுவானதாக எனக்குப் பட்டது. அதை முதல் பக்கத்தில் முதலாம் இலக்கமாகப் போட்டு, சிவப்பு மையால் அடிக்கோடும் இட்டேன்.

வகுப்பு முடிந்து இரண்டாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிந்தவூரில் ஒரு கலியாண வீடு. ளுஹர் தொழுதுவிட்டு ஒன்று இருபதுக்குச் சஹனில் இருந்தோம். ஒரு சஹனுக்கு ஆறு பேர். ஒரே பெரிய தட்டில் நெய்ச்சோறு, நடுவில் மாட்டிறைச்சி. எனக்கு இடப்பக்கம் என் தங்கையின் கணவர். எதிரே ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர். மற்ற மூவரும் மாப்பிள்ளை பக்கத்து ஆட்கள். மச்சான், கட்டாரிலிருந்து கொண்டுவந்த வெள்ளை ஜுப்பாவை அன்றுதான் முதல் தடவையாக உடுத்தியிருந்தார்.

சஹனில் ஒரு முறை உண்டு. கடைசி ஆள் தின்று முடிக்கும்வரை யாரும் எழும்பக் கூடாது. ஒருவர் எழும்பினால், பசி தீராதவரும் வெட்கப்பட்டுக் கையை எடுத்துவிடுவார். ஒன்று முப்பத்தைந்துக்கு மச்சான் எழும்பினார்.

“இரிங்க மகன், இன்னும் ஆக்கள் முடிக்கல்ல,” என்றார் அதிபர்.

மச்சான் இருக்கவில்லை.

“வட்டிலப்பம் எங்க வருகுதெண்டு எழும்பிப் பாக்கார்,” என்றார் மாப்பிள்ளை பக்கத்தில் ஒருவர், கடைசியில் வரும் இனிப்பை வைத்து. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மச்சான் இரண்டு கைகளாலும் தொண்டையைப் பிடித்தார். அது என் கொப்பியில் படமாகவே இருந்தது.

“மச்சான், கதைக்க ஏலுமா?” என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஏலாது என்று தலையை ஆட்டினார். இருமலும் வரவில்லை. இறைச்சித் துண்டு மூச்சுக்குழலை முழுதாக அடைத்திருந்தது. அப்படி அடைத்தால் மிஞ்சுவது சில நிமிடங்கள்தான் என்பதும் கொப்பியில் இருந்தது.

“தண்ணி குடுங்க அவருக்கு!” என்று யாரோ கத்தினார்.

“குடுக்காதீங்க,” என்றேன். அதுவரை எல்லாம் சரியாகவே செய்தேன்.

அதிபர் உட்பட நால்வரும் எழும்பி முதுகில் தட்டினார்கள். ஆனால் வலக்கையில் நெய்யும் சோறும், ஜுப்பாவோ வெள்ளை. ஆகவே இடக்கையால், தொட்டும் தொடாமலும், பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல் தட்டினார்கள். வலக்கையால் ஓங்கி அடியுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, “கை கழுவத் தண்ணி கொண்டு வாங்க.”

பரிமாறிக்கொண்டிருந்த ஒருவர் தண்ணீர்க் கெண்டியோடும், கை கழுவும் தட்டோடும் வந்தார். அவருக்கு நடப்பது விளங்கவில்லை. விருந்துக்கு வந்தவர் கேட்டால் கொடுப்பது அவர் வேலை. நிதானமாக ஊற்றினார்.

“சவர்க்காரம் வேணுமா காக்கா?” என்று அண்ணன் முறையில் கேட்டார்.

“ஓம்,” என்றேன்.

தேய்த்தேன். விரல் இடுக்குகளிலும் தேய்த்தேன். நிமிர்ந்தபோது மச்சானின் உதடு நாவற்பழம் தின்றவருடைய உதடுபோல் இருந்தது. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நுரையோடு போய் அவரைக் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து அடி அடித்தேன். ஒன்றும் வரவில்லை. பின்னால் நின்று இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு, தொப்புளுக்கு மேலே முட்டியை வைத்து, உள்ளுக்கும் மேலுக்குமாக உந்தினேன். முதல் இரண்டு தரமும் சவர்க்காரத்தில் கை வழுக்கியது. அல்லாஹ்வே, அல்லாஹ்வே என்று யாரோ அழுதார்கள். ஜுப்பாவையும் சேர்த்துச் சுருட்டிப் பிடித்து மூன்றாம் தரம் உந்தினேன். துண்டு பறந்து சஹனின் நடுவில் விழுந்தது. மச்சான் மூச்சை இழுத்த சத்தம் வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டதாம்.

அதிபர் சஹனைப் பார்த்தார்.

“சரி, இப்ப எல்லாரும் எழும்பலாம்,” என்றார்.

வயிறு உந்தப்பட்டவரை வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்பதும் வகுப்பில் சொன்னதுதான். ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டில் இருந்து, நேர ஒழுங்கில் எல்லாவற்றையும் எழுதினேன். சவர்க்காரத்துக்கு வந்ததும் பேனை நின்றது. கிணற்றடிக்குப் போய், மணிக்கூட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மத்தியானம் கழுவியதுபோலவே ஒரு தடவை கழுவிப் பார்த்தேன். எத்தனை செக்கன் என்பது கொப்பியில் இருக்கிறது. பிறகு முதல் பக்கத்து வரியை வெட்டி, காயங்கள் பகுதியில் அதன் பழைய இடத்தில் எழுதினேன். வெட்டிய நாளையும் ஓரத்தில் குறித்தேன்.

மறுநாள் தங்கை வீட்டுக்குப் போய் மச்சானிடம் சொன்னேன். அந்த நேரத்தில் கை கழுவத் தேவையே இருக்கவில்லை, பிழை என்னுடையது என்று. அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

“நான் பாத்துக்கிட்டுத்தானே நிண்டன்,” என்றார். “நகத்துக்குள்ளயும் தேச்சீங்க.”

“ஜுப்பாவில ஒரு பொட்டுக் கறை இல்ல காக்கா,” என்றாள் தங்கை. அவள் மெச்சினாளா, குத்திக்காட்டினாளா என்பதைக் குறிக்க முடியவில்லை.

அடுத்த கலியாணம் வரிப்பத்தான்சேனையில். மச்சான் என்னைத் தேடி வந்து பக்கத்தில் இருந்தார். சோறு வைக்க முன்பு கெண்டி வந்தது. அதை அவரே வாங்கி, முதலில் என் கையில் ஊற்றினார்.

“வடிவாக் கழுவுங்க மச்சான்,” என்றார். “பிறகு நேரமில்ல.”