என் படிப்புக்கு யாரோ கண்ட கனவு

உங்கள் எல்லார் மீதும் சாந்தி உண்டாகட்டும், சகோதரிகளே. துஆ கபூலான கதை, வேண்டுதல் பலித்த கதை என்றதும் இனிப்புப் பெட்டியைத் திறப்பதுபோல ஆசையாக உட்காருவீர்கள். என் கதையில் இனிப்பு கம்மி. அல்லாஹ் எனக்குப் பதில் தந்தான். அதை மறுத்தால் நான் நன்றிகெட்டவள். ஆனால் பதில் வந்த வழி கசப்பு. அந்தக் கசப்பை மறைத்துவிட்டு மீதியை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் ஆம்பூர்க்காரி. அப்பா ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். வேதியியலில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இடத்தில் லேப் உதவியாளராக வேலை பார்த்தேன். வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட்டேன். போன வருடம் பக்ரீத் முடிந்த வாரம் ஹைதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மெயில் வந்தது. எம்.எஸ்ஸி.க்கு இடம் தந்திருந்தார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

சென்னையில் இன்னொரு பல்கலைக்கழகம் என்னைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருந்தது. சென்னை என்றால் வாராவாரம் ரயிலேறி வீட்டுக்கு வரலாம். அதனால் அப்பா, "சென்னைலேர்ந்து தகவல் வரட்டும், பாத்துக்கலாம். இன்னா அவசரம்?" என்றார். அது நியாயமான பேச்சுதான். எனக்கே அந்த யோசனை இருந்தது. கையில் இருப்பதைப் பிடிப்பதா, வரப்போவதற்குக் காத்திருப்பதா என்று தூக்கம் கெட்டது.

அப்போதுதான் புப்பு உள்ளே வந்தார். அப்பாவின் அக்காவை நாங்கள் புப்பு என்போம். அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அவருடைய மகனுக்கு என்னைக் கேட்கும் எண்ணம் அவருக்கு ரொம்ப நாளாக உண்டு. பையன் நல்லவன்தான், அவனைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

"இஸ்திகாரா பண்ணாம பொண்ண ஊர் தாண்டி அனுப்புவாங்களா? நான் பேரணாம்பட்டு ஆபாகிட்ட சொல்லிட்றேன். அவங்களுக்கு கனவு பட்டுனு வரும்" என்றார் புப்பு.

ஒரு முடிவு எடுக்குமுன் இரண்டு ரக்அத் தொழுது, இறைவனிடம் வழி கேட்பதுதான் இஸ்திகாரா. நம் பக்கத்தில் அதைப் பலர் எப்படிச் செய்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும். கனவு காண்பதில் பேர்போன ஓர் ஆபாவிடம், அதாவது ஒரு மூத்த பெண்மணியிடம், சொல்லிவிடுவார்கள். அவர் தொழுதுவிட்டுத் தூங்குவார். கனவில் பச்சையோ வெள்ளையோ வந்தால் சரி. கறுப்போ சிவப்போ வந்தால் வேண்டாம். படிக்கப்போவது நான், தொழுவது ஒருவர், கனவு வருவது பக்கத்து ஊரான பேரணாம்பட்டில்!

நானும் தலையாட்டினேன். கன்னிப்பெண்ணுக்குக் கனவு வராது, அதற்கென்று ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்திருந்தார்கள். கேஸ் சிலிண்டருக்குப் பதிந்துவிட்டுக் காத்திருப்பதுபோல என் வாழ்க்கையை எங்கோ பதிந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தினமும் காலையில் புப்புவின் போன் வரும். "இன்னும் வரல." மறுநாளும் "இன்னும் வரல." லேபில் கவனம் தப்பி ஒரு குடுவையை உடைத்தேன். யா அல்லாஹ், அந்த அம்மாவுக்கு ஒரு கனவைக் கொடுத்துவிடேன் என்று அழுதிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

கடைசி நாளுக்கு முந்தின நாள் கனவு வந்தது. புப்பு நேரிலேயே வந்துவிட்டார். நான் ஒரு வாசலில் நிற்கிறேனாம். என் காலடியில் கறுப்புத் தண்ணீர் ஓடுகிறதாம்.

"கறுப்பு தண்ணி. இதுக்கு மேல இன்னா வேணும்?" என்று புப்பு அப்பாவைப் பார்த்தார். "சர்டிபிகேட்டெல்லாம் பீரோல வெச்சு பூட்டு. பொண்ணு அவசரத்துல ஏதாவது பண்ணிடப் போவுது."

தோல் பதனிடும் ஊரில் குடியிருக்கிறவர் கனவில் கறுப்புத் தண்ணீர் வராமல் பன்னீரா வரும்? அதைவிட ஒன்று சொல்கிறேன். அந்த ஆபா வேறு யாருமில்லை. புப்புவின் நாத்தனார். அந்தப் பையனுக்குச் சொந்த அத்தை. இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், அப்பா என் சான்றிதழ்களை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை அம்மியிடம், என் அம்மாவிடம், கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அப்பா ஜும்ஆவுக்குப் போயிருந்தார். நான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மதியத் தொழுகையான லுஹர் தொழுதேன். தொழுது முடித்தும் எழுந்திருக்க முடியவில்லை. இஸ்திகாரா துஆ எனக்கு மனப்பாடம்தான், சின்ன வயதில் மதரஸாவில் ஒப்பித்தது. அர்த்தம் மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை. போனில் தேடி, தமிழ் அர்த்தத்தை முதல் தடவையாக நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

அதில் கனவு என்ற சொல்லே இல்லை, சகோதரிகளே. பச்சையும் இல்லை, கறுப்பும் இல்லை. ஆபாவும் இல்லை. கேட்கிறவள்தான் இருக்கிறாள். இது எனக்கு நல்லது என்று நீ அறிந்தால் இதை எளிதாக்கு. கெட்டது என்று அறிந்தால் என்னைவிட்டுத் திருப்பிவிடு. நல்லது எங்கே இருந்தாலும் அதை எனக்குக் கொடு. கொடுத்ததில் என் மனத்தைத் திருப்திப்படுத்து. இவ்வளவுதான். தேவைப்படுகிறவளே வாய் திறந்து கேட்க வேண்டிய துஆ அது. அதைப் போய் நாங்கள் பேரணாம்பட்டுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தோம்.

பட்டப்பகலில் இரண்டு ரக்அத் தொழுதேன். ஹைதராபாத்துக்குச் சம்மதம் சொல்லவா என்று பெயர் சொல்லிக் கேட்டேன். மனத்தில் அமைதி இறங்கியது என்று எழுத எனக்கும் ஆசைதான். இறங்கவில்லை. பயம்தான் ஜாஸ்தியானது. ஆனால் ஒன்று புரிந்தது. கேட்டாகிவிட்டது, இனி உட்கார்ந்திருந்தால் கதவு திறக்கிறதா என்று எப்படித் தெரியும்? போய்த் தள்ளித்தான் பார்க்க வேண்டும். நல்லதில்லையென்றால் அவனே சாத்தட்டும்.

சமையலறையில் அம்மி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அம்மி அதிகம் பேசாதவர். புப்பு பேசும் வீட்டில் வேறு யாருக்கும் பேச இடம் இருக்காது.

"பீரோவ தொறங்க அம்மி. நான் தொழுதுட்டேன்" என்றேன்.

"யாரு, நீயா?"

"நான்தான்."

"கனவு?"

"நான் தூங்கவே இல்ல அம்மி."

அம்மி கத்தியைக் கீழே வைத்தார். என்னையே பார்த்தார். வெங்காயத்துக்கா எனக்கா என்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர்.

"நிக்காஹ்னா கூட பொண்ண கேக்காம பண்ணக்கூடாது. இதுக்கு மட்டும் அடுத்த வீட்டுக்காரிய கேப்பாங்களா?" என்றார். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, இடுப்பிலிருந்த சாவியை எடுத்தார். "அந்தம்மா கண்டது தெருக்கால்வாய். அத நான் தெனம் தாண்டிதான் கடைக்கு போறேன். எடுத்துக்கினு போ. ஜல்தி."

நான் எதிர்பார்த்த எளிது இதுவல்ல. அப்பாவின் மனம் மாறும், புப்பு வாய் மூடுவார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அல்லாஹ் திறந்தது பீரோக் கதவு ஒன்றைத்தான். அது போதுமானதாக இருந்தது. சான்றிதழ்களைப் படம் எடுத்து அனுப்பினேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பா பிரசங்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சம்மதத்தை அழுத்தினேன். உறுதி செய்து பதில் மெயில் வந்தது. ஸஜ்தாவில் விழுந்து அழுதேன்.

அப்பா தொப்பியோடு உள்ளே வந்தார். மறைக்காமல் சொன்னேன். தொப்பியைக் கழற்றினார்.

"எங்க அக்கா மொகத்துல நான் எப்டி முழிப்பேன்?"

அதுதான் அப்பா என்னிடம் நேராகப் பேசிய கடைசி வார்த்தை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னைப் பட்டியல் என் பெயர்வரை வராமலே முடிந்தது. காத்திருந்தால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. புப்புவின் வீட்டில் வேறு பெண் பார்த்தார்கள். கல்யாணப் பத்திரிகை அப்பா பெயருக்கு மட்டும் வந்தது. அம்மிக்கு அழைப்பில்லை. அம்மி அப்பாவின் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாராம். நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று காட்பாடி ஸ்டேஷனுக்கு வந்தது அம்மி மட்டும்தான். கனவுக்குக் காத்திரு என்று சொன்ன அதே சொந்தக்காரர்கள் இப்போது, "எல்லாம் எங்க துஆதான்" என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும், துஆவுக்கு வரியா போடுகிறார்கள்?

அந்த ஆபாவின் கனவு பலித்ததையும் சொல்லிவிடுகிறேன். இங்கே என் ஆய்வே தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைப் பற்றித்தான். ஊரில் தாண்டித் தாண்டி நடந்த அதே கறுப்புத் தண்ணீரைக் குடுவையில் பிடித்து, அதைத் தெளிய வைக்கும் வழியைப் படிக்கிறேன். காலடியில் ஓடியது சரிதான். அதற்கு அர்த்தம் சொன்னவர்கள்தான் தப்பு.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என் வழக்கம் மாறிவிட்டது. எதை முடிவு செய்வதானாலும் நானே தொழுகிறேன், நானே கேட்கிறேன், பிறகு எழுந்து போய்க் கதவைத் தள்ளுகிறேன். உங்களில் யாராவது இப்போது ஒரு மெயிலைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லவா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தால், என் சகோதரியே, அடுத்தவர் தூக்கத்தை நம்பி உன் கெடுவைத் தவறவிடாதே. உனக்கும் உன்னைப் படைத்த ரப்புக்கும் நடுவில் பேரணாம்பட்டு இல்லை.

அந்தத் துஆவில் நான்கு வேண்டுதல்கள் இருந்தன. எளிதாக்கினான். திருப்ப வேண்டியதைத் திருப்பினான். நல்லதைக் கொடுத்தான். நான்காவது, திருப்தி. அது எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை. பொய் சொல்ல மாட்டேன். அம்மியோடு போனில் பேசும்போது பின்னால் அப்பா இருமுவது கேட்கும். பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். "பேசுறீங்களா?" என்று அம்மி கேட்பார். நாற்காலி நகரும் சத்தம் வரும். பிறகு இருமல் தூரமாகிவிடும்.

எனக்காக யாரும் இஸ்திகாரா தொழ வேண்டாம். அதை நான் பார்த்துக்கொள்வேன். எங்கள் அப்பாவுக்காக மட்டும் ஒரு துஆ கேளுங்கள். ஒருநாள் அம்மி நீட்டும் போனை அவர் கையில் வாங்கட்டும்.