பூத்த செடிக்குக் கவாத்து

சின்னமனூர்ச் சந்தைக்குப் போய்விட்டு வந்து கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். காலையில் தலை நிறைய ஊதாப் பூங்கொத்துகளோடு நின்ற என் பட்டாம்பூச்சிச் செடி, முழங்கால் உயரத்துக்கு வெறும் குச்சிகளாக நின்றது. பக்கத்தில் என் கணவர் கவாத்துக் கத்தரியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மேகமலை எஸ்டேட்டில் குடியிருக்கும் என் தங்கை கொடுத்த குச்சியில் வந்த செடி அது. குளிரில் வளர்ந்ததைக் கீழே வெயிலுக்குக் கொண்டுவந்த எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தண்ணீர் விட்டால் இலை பழுத்தது, விடாவிட்டால் துவண்டது. மணல் கலந்து மேட்டில் மாற்றி வைத்து, மதிய வெயிலுக்குப் பழைய சேலையைக் கட்டி, பச்சைப்பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டேன். அது பூத்து, பட்டாம்பூச்சிகள் மொய்க்க ஆரம்பித்ததும் தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டிய பைத்தியக்காரி நான்.

"என்னங்க இது? பூத்துக்கிட்டு இருக்கதப் போயி..." என்று கத்தினேன்.

"நுனிப் பூவெல்லாம் கருகிருச்சு. வெட்டுனாத்தான் கண்ணு தெறிச்சுப் புதுத் துளிரு வரும்" என்றார்.

மேலும் கத்த வாயைத் திறந்தவள், அவர் கையைப் பார்த்து மூடிக்கொண்டேன். அந்தக் கத்தரியை அவர் தொட்டே வெகுநாள் ஆகியிருந்தது.

எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. இந்தப் பக்கம் திராட்சைக்கென்று தனிக் காலம் கிடையாது. கொடியைக் கவாத்து செய்கிற நாளை வைத்துத்தான் அறுவடை. அந்த நாளைக் குறிப்பதில் அவர் கெட்டிக்காரர். ஆனால் பழுக்கிற நேரத்தில் மழை அடித்துப் பழம் வெடித்தது. அடுத்த போகமும் அப்படியே போனதும், கொடிகளைப் பிடுங்கிவிட்டு நிலத்தை வாழை போடுகிறவரிடம் விட்டுவிட்டார். அதன்பிறகு வீட்டுக்குள் ஒரு திராட்சை வந்ததில்லை. பேச்சும் நின்றுபோயிற்று. சோறு வைத்தால் சாப்பிடுவார், டிவி முன்னால் உட்காருவார். அந்தப் பழைய மனிதர் எனக்குத் திரும்பக் கிடைக்கவே மாட்டாரோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

தங்கைக்குப் போன் போட்டேன். "அவுக செடிய வெட்டிப்புட்டாகடி."

"வெட்டுனா நல்லாத்தான்க்கா பூக்கும். ஆனா பூவோடயா வெட்டுவாக?" என்றாள்.

இதில் நான் எதை எடுத்துக்கொள்வது? செடிக்காக அழுவதா, கத்தரியைக் கையில் எடுத்தாரே என்று சந்தோஷப்படுவதா? வெட்டிப்போட்ட பூங்கொத்துகளைப் பொறுக்கி ஒரு சொம்புத் தண்ணீரில் செருகினேன். பிறகு எதற்கு இது என்று தூக்கிப் போட்டேன்.

மறுநாள் காலை பட்டாம்பூச்சிகள் வழக்கம்போல வந்தன. மொட்டைக் குச்சிகளைச் சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டுச் சுவர் தாண்டிப் போயின. காபித் தம்ளரோடு நின்ற அவர் முகம் மாறியது.

"இதுக தேடுதுகளே" என்றார்.

"பின்ன, தேடாதா?" என்றேன். கொஞ்சம் உறைக்கட்டும் என்றுதான் சொன்னேன். சொன்னதும் பாவமாக இருந்தது. அவர் தம்ளரை வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபமா, வருத்தமா, ஒன்றும் விளங்கவில்லை.

திரும்பி வந்தவர் கையில் ஒரு பை இருந்தது. உள்ளே பன்னீர் திராட்சை. எனக்குத் திக்கென்றது. அவர் பாட்டுக்கு ஒரு தட்டில் போட்டுப் பிசைந்து, குச்சிகளுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தார்.

"பூ வர்ற வரைக்கும் இதக் குடிக்கட்டும்."

முதலில் எறும்பு வந்தது. பிறகு ஈ வந்தது. பட்டாம்பூச்சி திராட்சையைத் தொடுமா என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. சும்மா நின்றுகொண்டிருந்தோம். பையில் மிச்சமிருந்த பழம் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். நெற்றி சுருங்கியது.

"இனிப்புப் பத்தல. அறுக்குறதுக்கு முன்னாடியே தண்ணிய நிறுத்தியிருக்கணும். எவன் தோட்டத்துப் பழமோ!" என்று திட்ட ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கவாத்து, மருந்து, வியாபாரி என்று போய்க்கொண்டே இருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எங்கே நிறுத்திவிடுவாரோ என்று, பையிலிருந்து இன்னொரு பழத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.