நான் தேய்த்த ஊதா

“செவ்வாய், காலை 9.10. நானாவின் தொலைநோக்கிக் கண்ணாடிகளிலிருந்த ஊதாக் கறை பல்பொடியால் முற்றாக நீக்கப்பட்டது.”

சென்ற ஆண்டு என் குறிப்பேட்டில் நானே எழுதியது இது. ‘முற்றாக’ என்ற சொல்லின் கீழ் கோடும் இழுத்திருக்கிறேன்.

அண்ணன் என்ற பொருளில் நானா என்று நான் அழைப்பவர் கிண்ணியா ஊர்க்காரர். துறைமுகத்தில் படகோட்டியாக இருந்து ஓய்வு பெற்றவர். உள்துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பெயரையும் நேரத்தையும் எழுதிவைப்பது என் பழக்கம். அதற்காகத் தன் பழைய இருகண் தொலைநோக்கியை ஒரு மாதம் தந்திருந்தார். கண்ணாடிகளில் மினுங்கிய ஊதா எனக்கு உப்புக்காற்று படிந்த அழுக்காகத் தெரிந்தது. அரை மணி நேரம் தேய்த்தேன். திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை, அவரே கண்டு மகிழட்டும் என்று.

இரண்டு மாதம் கழித்து ஒளியியல் நூலொன்றில் படித்தேன். அது அழுக்கல்ல, மகனீசியம் புளோரைட்டுப் பூச்சு. ஒவ்வொரு மகனீசியத்தையும் ஆறு புளோரினும், ஒவ்வொரு புளோரினையும் மூன்று மகனீசியமும் சூழ்ந்த படிகம். நீரில் அநேகமாகக் கரையாது. கண்ணாடியைவிடக் குறைவாக ஒளியை வளைக்கும். ஆகவே ஒளியலையின் கால் பங்குத் தடிப்பில் பூசினால், கண்ணாடியில் ஒளி தெறிப்பது குறைந்து காட்சி தெளிவாகும். சூடாக்கிய கண்ணாடியில் பூசினால் உறுதியாக நிற்கும். முற்காலத்தில் சூடாக்காமல் பூசியவை மென்மையானவை, தேய்த்தால் போய்விடும்.

அந்த வாரமே நானாவை மீன் சந்தையில் கண்டேன்.

“தம்பி, கப்பலெல்லாம் மூட்டமாத் தெரியுது. கண் போயிட்டு போல. ஆஸ்பத்திரிக்குப் போகப்போறன்” என்றார்.

“பைனாகுலரில பார்க்கேக்கயோ?”

“ஓம், அதிலதான் மூட்டம் கூட.”

சொல்ல வேண்டிய இடம் அது. நான் பாரை மீனின் விலையைக் கேட்டேன்.

பதினொரு நாள் கழித்துத்தான் கிண்ணியாவுக்குப் போய்ச் சொன்னேன். அதற்குள் அவர் கண் சத்திரசிகிச்சைக்குப் பெயர் பதிந்துவிட்டார். நான் சொல்லி முடித்ததும் கேட்டார்:

“பல்லு விளக்குற பொடியாலயா? நல்ல காலம் தம்பி, என்ட கண்ணைத் துடைக்க உங்களிட்டத் தரல்ல.”

குசினிக்குள் அவர் மனைவி சிரிப்பது கேட்டது. எனக்குத் தலை நிமிரவில்லை.

பிறகு நானா வைத்தியர் எழுதிய துண்டுச் சீட்டைக் காட்டினார். இரு கண்ணிலும் புரை தொடங்கியிருக்கிறதாம். அதை வாசித்ததும் எனக்குள் ஓர் ஆறுதல் எழுந்தது. பொய் சொல்லாமல் எழுதுவதானால், அந்த ஆறுதலுக்காகத்தான் இன்றும் அதிகம் வெட்கப்படுகிறேன்.

பழுதில்லாத வேறொரு தொலைநோக்கியால் அவர் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியொன்று இன்னும் கிடைக்கவில்லை. அவர் கண்ட மூட்டத்தில் புரையின் பங்கு எவ்வளவு, என் தேய்ப்பின் பங்கு எவ்வளவு என்பது உறுதிப்படுத்தப்படவில்லை.