அக்கா மன்னிக்காத கதாநாயகி

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதித் தரச் சொல்லி அக்காவின் மகள் ஒரு மாதமாகக் கேட்கிறாள். நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். உட்கார்ந்தால் எழுத வரவில்லை, எழுந்தால் இருப்புக்கொள்ளவில்லை.

ரிஷிவந்தியத்தை அடுத்த சிற்றூரில், விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. அம்மா படுத்த படுக்கையானதால் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, என்னை வளர்த்தார். மூங்கில்துறைப்பட்டில் வாழ்க்கைப்பட்டார். மாமா இளவயதிலேயே காலமான பின், கரும்புக் கொல்லையையும் இரண்டு பிள்ளைகளையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டார். ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது, டிராக்டர் நிழலில் அமர்ந்து நாவல் படித்துக்கொண்டிருப்பார். வரிசை நகர்ந்தால் யாராவது போய்க் கூப்பிட வேண்டும்.

படித்த எதைப் பற்றியும் அக்காவுக்கு அபிப்பிராயம் இல்லாமல் போனதில்லை. எல்லாரும் கொண்டாடிய ஒரு குடும்ப நாவலைப் பற்றி, “மூணு அத்தியாயமா அழுதுக்கினே கீறா. அதுவரிக்கும் அந்த வூட்ல சோறு ஆக்கனது யாரு?” என்றார். கல்வராயன் மலையில் நடக்கும் நாவல் ஒன்றை ஆசையாக வாங்கிக் கொடுத்தேன். இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“எப்பப் பாத்தாலும் ஆடிக்கினு பாடிக்கினு கீறாங்க. கடுக்கா பொறுக்கறது யாரு, மூட்டையத் தூக்கிக்கினு சந்தைக்கு எறங்கறது யாரு? எழுதனவரு மலையே ஏறலடா.”

ஆனாலும் அக்கா மனதாரத் திட்டியது ஒருத்தியைத்தான். திருமணத்துக்கு முன் வார இதழில் வந்த ஒரு தொடர்கதையை வாராவாரம் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தார். தாய்போல் வளர்த்த அக்காளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டைவிட்டுப் போகிறாள் அதன் கதாநாயகி. “நன்றி கெட்டவ” என்பார் அக்கா. கல்யாண வீட்டில், சாவு வீட்டில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம்கூடச் சொல்வார். தைத்த புத்தகத்தில் ஓர் அத்தியாயம் மட்டும் இல்லை. கேட்டால், “அந்த வாரம் பொஸ்தகம் வரல. ஒரு வாரத்துல இன்னா பெருசா நடந்துடப் போவுது?” என்பார்.

அந்த வாரம் இதழ் வந்தது. கடையிலிருந்து வாங்கி வருவது என் வேலை. அதன் வழவழப்பான படங்களுக்கு ஆசைப்பட்டு, வழியிலேயே பிரித்து என் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டுவிட்டேன். வரவில்லை என்று சொன்னவனும் நான்தான். அந்த ஆண்டு முழுக்க நோட்டை அக்கா கண்ணில் படாமல் ஒளித்துக்கொண்டு திரிந்தேன்.

சென்ற ஆண்டு அக்கா மருத்துவமனையில் இருந்தபோது, கள்ளக்குறிச்சியில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்தத் தொடர்கதை நாவலாக, முழுதாகக் கிடைத்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். விடுபட்ட அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். அந்தப் பெண் அக்காளுக்குக் கடிதம் எழுதி ஒருவனிடம் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். கொண்டுபோனவன் வழியில் தொலைத்துவிடுகிறான்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“அப்ப அக்காக்காரி கைக்கு லெட்டரு போவலியா?”

“போவலக்கா.”

“தொலச்சவன் சொன்னானா?”

“இல்லக்கா.”

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா, தலையா போயிருக்கும்? அந்தப் பொண்ண மன்னிச்சி வுட்டுட்டேன்டா. இவனத்தான் வுட முடியாது.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் அக்கா பேசும் நிலையில் இல்லை. நான்காம் நாள் போய்விட்டார்.

அக்காவை முகம் சுளிக்காமல் கவனித்த செவிலியர்களுக்கும், கரும்பு வெட்டு வேலையைப் போட்டுவிட்டு வண்டி கொண்டுவந்த பக்கத்துக் கொல்லைக்காரர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சமைத்து அனுப்பிய தெருவினருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், அக்கா அந்தப் பெண்ணைத் திட்டக் கேட்டிருப்பீர்கள். அத்தனை திட்டும் எனக்குச் சேர வேண்டியது.