பாட்டு இல்லாத காட்சி

அந்தப் படத்தில் பதினெட்டாவது பாட்டு வர வேண்டிய இடத்தில் பாட்டு வேண்டாம் என்று சொன்னது நான்தான். யாரும் என்னை யோசனை கேட்கவில்லை. மாம்பலத்தில் புது வீடு கட்டிக் குடிவந்திருந்த பட முதலாளியின் கூடத்தில், நாலு பேர் முன்னால், வாய் சும்மா இருக்காமல் சொன்னேன். குழந்தை இல்லாத மனைவி புருஷனிடம் மனம் விட்டுப் பேசுகிற இடம் அது. வயிறு எரிகிறவள் ஆர்மோனியத்துக்குச் சுருதி சேர்த்துக்கொண்டா அழுவாள் என்று கேட்டேன். முதலாளி ஜவுளி வியாபாரி. கோபப்படவில்லை.

"சரி, பேச்சாவே எடுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். வரலைன்னா பாட்டுதான். அதை எடுக்க நாடகக் கம்பெனி வாத்தியார் ஒருத்தர் இருக்கார். மிச்சப் படத்தையும் அவரே முடிச்சுடுவார்," என்றார்.

அன்று செவ்வாய்க்கிழமை. மூன்றே நாள்.

நான் ஊமைப் படத்திலிருந்து வந்த டைரக்டர். அங்கே இதெல்லாம் ஒரு அட்டை வேலை. 'நாதா, நான் பாவி' என்று எழுதிக் காட்டிவிட்டு அவள் முகத்தைப் போட்டால் கொட்டகை முழுவதும் மூக்கைச் சிந்தும். படம் பேச ஆரம்பித்ததும் எனக்குத்தான் பேச்சு நின்றுபோனது. ஒரு பெண் வீட்டுக்குள் எப்படிப் பேசுவாள் என்று எழுத உட்கார்ந்தால் பேனா நகராது. அதுவரை நான் காது கொடுத்துக் கேட்டதே இல்லை என்று அப்போது தோன்றவில்லை. மேதைக்கு வந்த சோதனை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஸ்டூடியோ அடையாற்றில் ஒரு தோப்புக்குள் இருந்தது. தளத்துக்கு மேலே கூரை கிடையாது. வெயில்தான் விளக்கு. அது ஐப்பசி மாதம், எந்த நிமிஷமும் மேகம் மூடும். காக்கை கத்தினால் அதுவும் பதிவாகிவிடும் என்பதால் நொச்சிக்குப்பத்து ஆள் ஒருவர் உண்டிவில்லோடு மதில்மேல் உட்கார்ந்திருப்பார்.

புதன்கிழமை பதினோரு தடவை எடுத்தோம். மைக்கை மறைக்க வேறு இடமில்லாமல் துளசி மாடத்துக்குள் வைத்திருந்தோம். கதாநாயகி தெற்கே நாடக மேடையில் பேர் வாங்கிய அம்மாள். புருஷனைப் பார்த்து ஆரம்பிப்பார், இரண்டாவது வரியில் துளசிச் செடி பக்கம் திரும்பிவிடுவார், மூன்றாவது வரி கடைசி வரிசை டிக்கெட்டுக்காரனுக்குக் கேட்கிற மாதிரி வரும். தப்பு அவர்மேல் இல்லை. 'இந்தப் பாழும் உதரத்திலே' என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை எந்த மனுஷி மெதுவாகச் சொல்லுவாள்?

வியாழன் விடிகாலையில் எழுந்து ஒன்பது தாள் எழுதி ஒன்பதையும் கிழித்தேன். வெறுங்கையோடு ஸ்டூடியோவுக்குப் போனேன். எல்லாரும் வேஷம் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மேகம் மூடியதும், கடவுளே என்று நன்றி சொன்ன ஒரே டைரக்டர் நானாகத்தான் இருப்பேன். மதில்மேல் இருந்தவர் இறங்கி வந்து, "இன்னா சார், காக்காவே பேஜாராயி போய்ட்ச்சி. இன்னும் ஒண்ணும் ஆவலியா?" என்றார். அவரை அடிக்கப் போகிறவன் மாதிரி முறைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அம்மா மட்டும் இருந்தாள். தம்பி வீட்டிலிருந்து அவள் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. வரும்போதே ஒரு பெண்ணின் ஜாதகத்தோடு வந்திருந்தாள். எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை, அதனால். என் மனைவி கொல்லையில் இருக்கிறாள் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டு, ஜாதகத்தைப் பார்த்தாயா என்று கேட்டாள். நான் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

மாதத்தில் மூன்று நாள் என் மனைவி விலகியிருக்கும் அறை கிணற்றடிக்கு எதிரே இருந்தது. கதவு சாத்தியிருந்தது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். காட்சி வந்ததா என்று உள்ளேயிருந்து கேட்டாள். வரவில்லை, நாளையோடு என் சினிமா முடிந்தது என்றேன். அந்த முதலாளியை, அந்த அம்மாளை, ஐப்பசி மேகத்தை, எல்லாவற்றையும் திட்டித் தீர்த்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஓய்ந்ததும் சொன்னாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். முகத்தைப் பார்த்துண்டு சொல்ல வராது. இப்போ கதவு இருக்கு, சொல்லிடறேன். நாப்பத்திமூணு நாள் ஆயிருந்தது. நிச்சயமானப்பறம் சொல்லலாம்னு இருந்தேன். நேத்திக்கு வரைக்கும் நான் ரெண்டு பேராத்தான் நடமாடிண்டிருந்தேன். காத்தால எழுந்து பார்த்தா நான் மட்டும் இருக்கேன்."

அந்த நாற்பத்து மூன்று நாளும் நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அம்மாகிட்ட சொல்லிடாதேங்கோ. வெறும் தூரம்னே நெனச்சுக்கட்டும். தங்கலைன்னு தெரிஞ்சா அந்த ஜாதகத்தை இன்னிக்கே எடுத்துடுவா," என்றாள்.

கதவைத் திறந்துகொண்டு அவளிடம் போய்விட வேண்டும்போல இருந்தது. அது பொய்யில்லை. அதே சமயம் கை பென்சிலை எடுத்தது. அதுவும் பொய்யில்லை. அவள் குரல் ஏறவே இல்லை. கடைக்குப் போய் வரச் சொல்கிற குரல்தான். அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது எனக்குக் காட்சி தெரிந்துவிட்டது. பேசுகிறவளைக் காட்டக் கூடாது, கேட்கிறவனைக் காட்ட வேண்டும். மூன்று நாளாக என்னைக் கொன்றுகொண்டிருந்த விஷயம் இவ்வளவுதான்.

அவள் மெல்லப் பேசிக்கொண்டே போனாள். என்னுடைய பழைய வேஷ்டி இரண்டை, மெத்தென்று இருக்கிறதே என்று, துவைத்து மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாளாம். அதையும் எழுதினேன். பென்சில் சத்தம் கேட்கக் கூடாது என்று அழுத்தாமல் எழுதினேன். நடுவில், இருக்கேளா என்று கேட்டாள். இருக்கிறேன் என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "சரி, உள்ளே போங்கோ. எனக்கு இது போறும்," என்றாள். எது போதும் என்று நான் கேட்கவில்லை. தாளில் இடமில்லாமல் பின்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தளத்தில் ஒரு கதவைப் போட்டு, அம்மாளை அதற்குப் பின்னால் மணையில் உட்கார வைத்து, பக்கத்திலேயே மைக்கையும் வைத்தேன். கேமராவைப் புருஷன் முகத்துக்குத் திருப்பினேன். அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "முகத்தைக் காட்டாம பேசறதுக்கு நான் எதுக்குங்க?" என்று எழுந்துவிட்டார். முதலாளி குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் மேற்கே திரண்டுகொண்டிருந்தது. முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல வராது அம்மா, படித்துப் பாருங்கள் என்று தாளைக் கொடுத்தேன். அந்த வாக்கியமும் என்னுடையது இல்லை. அவர் இரண்டு தடவை படித்துவிட்டு மணையில் போய் உட்கார்ந்தார்.

ஒரே தடவைதான் எடுத்தோம். முகத்தை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை என்றதும் அந்த அம்மாளின் குரல் தானாக இறங்கிவிட்டது. முடிந்ததும் மதில்மேல் இருந்தவர்தான் முதலில் பேசினார். "ஒரு காக்கா கத்திட்ச்சி சார். நான் கேட்டுக்கினே நின்னுட்டேன்," என்றார். முதலாளி குடையை மடக்கினார். காக்கை இருந்துவிட்டுப் போகட்டும், பாட்டு வேண்டாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வந்த என் மனைவி முதலில் கேட்டது அந்தக் காட்சியைப் பற்றித்தான். வந்துவிட்டது என்றேன். அவள் முகம் மலர்ந்தது. எப்படி வந்தது என்றாள். தானாக வந்தது என்றேன்.

படம் வெளிவர மூன்று மாதம் ஆயிற்று. அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். சாப்பாட்டின்போது நினைப்பேன், கை கழுவியதும் மறந்துவிடும். எங்கள் ஆத்துப் பேச்சைத்தான் மாற்றிவிட்டேனே, 'ஏங்கோ'வை எல்லாம் 'ஈங்க' ஆக்கிவிட்டேனே, இனி இது யார் வீட்டுப் பேச்சு என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் நாள் மதிய ஆட்டத்துக்கு அம்மாவையும் அவளையும் மவுண்ட் ரோடு கொட்டகைக்கு அழைத்துப் போனேன். பெண்கள் பக்கத்தில் அவர்கள், தடுப்புக்கு இந்தப் பக்கம் நான். கதவு வந்தது, புருஷன் முகம் வந்தது, குரல் வந்தது. பெண்கள் பக்கத்தில் விசும்பல் கேட்டது. அரை நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அதை மறைக்கவில்லை. 'அம்மாகிட்ட சொல்லிடாதீங்க' என்ற வரி வந்தபோது என் அம்மாவின் தலை மெதுவாக என் மனைவி பக்கம் திரும்பியது. திரும்பியது திரும்பியபடியே இருந்தது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஜட்காவில் வீடு திரும்பினோம். லஸ் வருகிறவரை அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதுகொண்டே வந்தாள். அந்த ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று வீட்டுக்குள் நுழையும்போது என்னிடம் சொன்னாள். எனக்குப் போன உயிர் வந்தது. நல்லதுதானே நடந்தது, இதைச் சொல்லி என் மனைவியைச் சமாதானப்படுத்திவிடலாம் என்று சமையலறைக்குப் போனேன்.

அவள் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்.

"அன்னிக்கு நான் சொல்லச் சொல்ல நீங்க இருக்கேன்னதைத் தவிர ஒரு வார்த்தை பேசலை. அழறேள்னு நெனச்சேன். எழுதிண்டிருந்தேளா?"

ஆமாம் என்றேன்.