குடமுருட்டிக் கரையில் எங்களை நடக்கவைத்தவர்

கலைச்செல்வியின் கணவர் முருகேசன் போன் செய்தபோது காலை ஆறு மணி இருக்கும். நாங்கள் ஆறு பேரும் குடமுருட்டி ஆற்றங்கரையில் நடந்து திரும்பிக்கொண்டிருந்தோம். "இப்பதான் போயிட்டா சார். உங்க ஆளுங்க எல்லாருக்கும் சொல்லிடுங்க" என்றார். உடன் வந்தவர்களிடம் சொன்னேன்.

இந்த இரங்கல் கூட்டத்தில், திருக்காட்டுப்பள்ளியில் கலைச்செல்வியிடம் பிசியோதெரபி சிகிச்சை பெற்றவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் சொல்ல ஒன்று இருக்கும். என்னுடையதை நான் சொல்கிறேன்.

முப்பது வருடம் அரிசி ஆலையில் மேற்பார்வை பார்த்தவன் நான். உமித்தூசியில் நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. ஐம்பத்தாறு வயதில் மாரடைப்பும் வந்தது. தஞ்சாவூரில் ஸ்டென்ட் வைத்து, தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லி அனுப்பினார்கள். எனக்கோ அசைந்தாலே இதயம் நின்றுவிடும் என்ற பயம். கட்டிலிலேயே கிடந்தேன். என் மனைவி சாந்தி ஒரு செம்புத் தண்ணீரைக்கூட என்னைத் தூக்க விடமாட்டாள்.

மருத்துவர் சொல்லித்தான் கலைச்செல்வி வீட்டுக்கு வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நாடி பார்த்துவிட்டு வாசலுக்கு அழைத்தார். முடியாது என்றேன். செருப்பை எடுத்து என் காலடியில் வைத்தார். "பேசிக்கிட்டே நடங்க சார். பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும்." அன்று மூன்று வீடு தாண்டித் திரும்பினோம். இரண்டு மாதத்தில் ஆற்றங்கரைக்குப் போனோம்.

நுரையீரல் பழையபடி ஆகிவிடுமா என்று ஒருநாள் கேட்டேன். அவருக்குப் பொய் சொல்ல வராது. "புதுசா ஆகாது சார். ஆனா மூச்சு இழுக்கிற தசையும் கால் தசையும் பழகிட்டா, இருக்கிற மூச்சுலயே நெறைய வேலை பாக்கலாம். இதயமும் பழகிட்டா, அதே வேலைய கம்மித் துடிப்புல முடிச்சிடும்." அடுத்த தை பிறப்பதற்குள் மாடிப்படியை நிற்காமல் ஏறினேன்.

அந்தத் தெம்பில் ஒரு மடத்தனம் செய்தேன். உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்று மாத்திரைகளை நிறுத்திவிட்டேன். மூன்றாவது வாரம், நடக்கும்போது நெஞ்சு இறுகியது. மறைக்கப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, மதகுக் கட்டையில் உட்கார வைத்துவிட்டு வண்டிக்குச் சொன்னார். மருத்துவமனையில் ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகுதான் அவருடைய கோபத்தைப் பார்த்தேன். "மாத்திரைய நிறுத்தவா உங்கள நடக்கச் சொன்னேன்? ரெண்டும் வேணும். சாந்தியக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதன்பின் நான் மாத்திரையைத் தவறவிட்டதில்லை.

ஒவ்வொருவராகச் சேர்ந்து ஆறு பேர் ஆனோம். எல்லோரும் அவரிடம் சிகிச்சைக்கு வந்த இதய நோயாளிகள்.

போன வருடம் அவருக்கே புற்றுநோய் என்றார்கள். சிகிச்சைக்கு இடைப்பட்ட நாட்களில், தலையில் துணி கட்டிக்கொண்டு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான் நடக்க வந்தார். அவர் வேகத்துக்கு நாங்கள் நடந்தோம். ஒருநாள் டீக்கடையில் எங்களில் மூத்தவரான ராஜேந்திரன், தபால்காரராக இருந்தவர், மனசு பொறுக்காமல் கேட்டுவிட்டார்: "இவ்வளவு நடந்தும் ஒனக்கு ஏம்மா இப்படி?" எங்களுக்குச் சங்கடமாகப் போயிற்று. கலைச்செல்வி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நடந்தா எந்த நோயும் வராதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லலையேண்ணே. இன்னிக்கு என் கால்ல நானா வந்து உங்களோட டீ குடிக்கிறேன். அதுக்காகத்தான் நடக்கிறேன்."

அவரை எடுத்துப்போக அமரர் ஊர்தி ஏற்பாடு ஆகியிருந்தது. சுடுகாடு ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். நாங்கள் தூக்கிக்கொண்டு நடக்கிறோம் என்றேன். முருகேசன் பதறினார். "நீங்க எல்லாரும் ஹார்ட் பேஷன்ட் சார், வேணாம்." "உங்க வீட்டம்மா நடக்கவச்ச ஆளுங்கதான் நாங்க" என்றார் ராஜேந்திரன். முருகேசன் அழுதுவிட்டார். பிறகு வண்டியைப் பின்னால் வரச் சொன்னார்.

அவருடைய தம்பிகளும் தோள் கொடுக்க, மாற்றி மாற்றிச் சுமந்தோம். கடைசித் தூரம் முன்பக்கம் நான் பிடித்தேன். பாடையை இறக்கி வைத்தபோது என் நெஞ்சில் வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை. கலைச்செல்வியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த உடம்புதான். அவரைக் கடைசிவரை சுமக்க அதற்குத் தெம்பு இருந்தது.